வண்டி நின்ற பிறகு

நாமக்கல்

அன்பு மாப்பிள்ளை முருகேசனுக்கு,

ஹெவி லைசென்ஸ் வந்துவிட்டது, அடுத்த வாரம் தனியாக வண்டி எடுக்கிறாய் என்று உங்கம்மா போனில் சொன்னாள். ஓட்டுவதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, கிளீனராக இருந்தே கற்றுக்கொண்டவன் நீ. வண்டி நின்றுபோனால் என்ன செய்வாய் என்பதுதான் என் கவலை.

இருட்டில் நிற்கும் லாரி ரோட்டின் குறுக்கே கட்டிய சுவர் மாதிரி. அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பின்னால் வருகிறவனுக்குப் புரிவதற்குள் கிட்டே வந்துவிடுவான். அதனால் டயர் வெடித்தாலும் உருளும் வரை உருட்டி இடது ஓரம் மண்ணில் இறக்கு. டிஸ்க் வளைந்தால் வளையட்டும். டபுள் இண்டிகேட்டரைப் போடு, சக்கரத்துக்குக் கட்டை கொடு. பிறகு சிவப்பு முக்கோணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓரமாகவே நடந்து போய் வை. 50 மீட்டர் என்பார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் அதை இரண்டேகால் விநாடியில் தாண்டிவிடுவான். நாலுவழிச் சாலையில் நூறு மீட்டராவது வேண்டும். வளைவென்றால் வளைவுக்கு முன்னாலேயே வை. தொப்பூர் இறக்கத்தில் பாரத்தோடு, பிரேக் சூடேறி வருகிறவன் நினைத்தாலும் நிறுத்த முடியாது.

நம் ஆட்கள் கல்லையும் மரக்கிளையையும் போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் அப்படியே விட்டுப் போவார்கள். ராத்திரி அதில் ஏறி விழுகிறவன் டூவீலர்காரன். இது எனக்குப் பிடிக்காத பழக்கம், நீ செய்யாதே.

வலது பக்க டயர் போனால் ஜாக்கியோடு ரோட்டுப் பக்கம் உட்காராதே. தேசிய நெடுஞ்சாலையென்றால் 1033க்குப் போன் போடு, ரோந்து வண்டி வரட்டும். நிழலென்று கிளீனரை வண்டிக்கடியில் படுக்க விடாதே. இரண்டு பேரும் தடுப்புக் கம்பிக்கு அந்தப்புறம் போய் நில்லுங்கள்.

ஆளுக்கு அடிபட்டால் நம்மவர்களின் முதல் போன் முதலாளிக்குத்தான் போகும். அது தப்பு. முதல் போன் 108க்கு. ரத்தம் வரும் இடத்தைத் துண்டால் அழுத்திப் பிடி. மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதே. வண்டி தீப்பிடிக்கும் நிலை இல்லாவிட்டால் இழுத்துப் புரட்டாதே. பணத்துக்கு என்ன செய்வதென்று யாராவது தயங்கினால், தமிழ்நாட்டுக்குள் நடந்த விபத்துக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று சொல். அடிபட்டவர் வெளிமாநிலத்தவர் என்றாலும் உண்டு.

ஓடிவிடாதே. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவுப்படி, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது டிரைவரின் கடமை. கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் அதைச் சட்டமே ஏற்கிறது. ஆனால் அங்கிருந்து நீ போகிற இடம் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனாகத்தான் இருக்க வேண்டும். 24 மணி நேரம் என்பது கடைசிக் கெடு, அதுவரை இழுக்காதே. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முடிந்தால் வண்டியை நகர்த்துமுன் நாலு பக்கமும் போட்டோ எடு, கிலோமீட்டர் கல்லும் தெரியட்டும்.

கண்ணாடி உடைந்தால் பேசி முடித்துக்கொள். ஆளுக்கு அடியென்றால் ஸ்பாட்டில் காசு கொடுத்து முடிக்காதே. தலையில் அடிபட்டவன் எழுந்து நடப்பான், மறுநாள் படுத்துவிடுவான்.

சாவியை வாங்குமுன் பாலிசி என்றைக்கு முடிகிறதென்று முதலாளியிடம் கேள். முகம் சுளித்தாலும் கேள். நஷ்ட ஈட்டு வழக்கு வந்தால் அவர் பேரோடு உன் பேரும் சேர்ந்து வரும்.

இப்படிக்கு,
உன் மாமன்