கொழும்புக்கும் பருவம் உண்டு

குடும்பப் பாடம்



"கொழும்பில் ஏது சுவாமி பருவம்? வருடம் முழுவதும் வெய்யிலும் புழுக்கமும்தானே!" என்று வெள்ளவத்தையில் ஒரு வீட்டார் என்னிடம் கேட்டார்கள். பதிலாக, பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பொழுது புலருமுன், அவ்வீட்டுத் தகப்பனாரையும் பிள்ளைகள் இருவரையும் கால்வாய்க் கரைக்கு அழைத்துச் சென்றேன். அன்று நாங்கள் கற்றதையே இவ்வாரப் பாடமாகத் தருகிறேன்.

1. முதலில் காது கொடுங்கள்

ஆறு மணிக்கு முன்னரே குயில் கூவத் தொடங்கிவிட்டது. கூவுவது ஆண் குயில்; கறுப்பு உடல், சிவந்த கண். பெண் குயிலோ கபில நிறம், மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. இரண்டும் ஒரே இனம் என்பதைப் பலர் அறியார். குயில் கூடு கட்டுவதில்லை. காகத்தின் கூட்டில் முட்டையிடும். ஆகவே காகங்கள் கூடு கட்டும் காலம் நெருங்க, இதன் குரலும் ஓங்குகிறது. சித்திரைப் புத்தாண்டு வருகிறது என்பதற்கு அடையாளமாகச் சிங்கள மக்கள் இக்குரலைக் கொள்வர். நாட்காட்டி பாராமலே மாதம் சொல்லும் குரல் இது.

2. புறப்படுவோரைப் பாருங்கள்

வெளிச்சம் வந்ததும் கால்வாய்க் கல்லணையில் ஒரு சிறு உள்ளானைக் கண்டோம். முதுகு மண்ணிறம், வயிறு வெள்ளை. நின்ற இடத்திலும் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டேயிருக்கும். மின்கம்பியில் வரிசையாகத் தகைவிலான் குருவிகள். இவை நம் ஊரில் குஞ்சு பொரிப்பவை அல்ல. புரட்டாதி, ஐப்பசியில் வடக்கிலிருந்து வந்து, பங்குனி, சித்திரையில் திரும்பிச் செல்பவை. நம் தீவுக்கு நேர் தெற்கே தென்துருவக் கண்டம் வரை நிலமே இல்லை. ஆகவே பல பறவைகளின் பயணத்துக்கு இலங்கையே கடைசித் தரிப்பிடம்.

மரம் அடர்ந்த பழைய வளவுகளில் ஆறுமணிக்குருவியும் இருக்கலாம். காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். பச்சை முதுகு, அடிவயிற்றில் சிவப்பு, கட்டை வால். இதன் சொந்த ஊர் இமயமலை அடிவாரமும் மத்திய இந்தியாவும்.

கொட்டாஞ்சேனைக் குடும்பங்கள் மட்டக்குளியில் களனி ஆறு கடலில் கலக்கும் பக்கம் போய், கடற்காகங்களைத் தேடிப் பார்க்கலாம். மாரியில் வெண்தலையுடன் இருக்கும் ஒரு வகைக் கடற்காகத்துக்கு, புறப்படும் காலம் நெருங்க, தலை முழுவதும் கபில நிறமாக மாறிவிடும். அது மத்திய ஆசியாவின் உயர்ந்த ஏரிகளில் முட்டையிடும். தலை நிறம் மாறினால் பயணம் நெருங்கிவிட்டது என்று அறியலாம்.

3. நேரமும் வழியும் எப்படித் தெரியும்?

மூத்த பிள்ளை கேட்ட கேள்வி இது. வட நாடுகளில் பகல் நீள்வதும் குறைவதும் பறவைகளுக்குக் காலம் உணர்த்தும். கொழும்பிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. எனினும் பறவையின் உடலுக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது. இருளும் ஒளியும் மாறாத கூண்டில் வளர்த்த பறவைகளும், பயணக் காலம் வந்ததும் இரவில் அமைதியின்றித் தவிப்பதை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். நெடும்பயணத்துக்கு முன் அவை நிறையத் தின்று கொழுப்பைச் சேமிக்கின்றன. சூரியன், நட்சத்திரங்கள், பூமியின் காந்தப் புலம் ஆகியவை வழி காட்டுகின்றன.

நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2021இல் மன்னாரில் ஒரு கடற்காகத்துக்குச் சிறு கருவி பொருத்திவிட்டனர். அது ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ருஷ்யாவின் வடகோடியிலுள்ள யமால் குடாநாடுவரை சென்று, அதே ஆண்டில் மன்னாருக்கே திரும்பி வந்தது.

4. திரும்பி வர இடம் இருக்குமா?

இளைய பிள்ளை உள்ளானைக் காட்டி, "அடுத்த வருடமும் இதே குருவி வருமா, சுவாமி?" என்றான். காலில் வளையமிட்டு ஆராய்ந்தவர்கள், வலசைப் பறவைகள் பல ஆண்டுதோறும் பழைய இடத்துக்கே வருவதை அறிந்திருக்கிறார்கள். ஆகவே, "உயிருடன் இருந்தால் வரக்கூடும், ஆனால் வந்து இறங்க இந்தக் கரை இருக்க வேண்டுமே" என்றேன். அருகில் தண்ணீரில் பொலித்தீன் பைகள் மிதந்துகொண்டிருந்தன. தகப்பனார் ஒன்றும் பேசவில்லை.

இது பறவைக்காக மட்டும் சொல்வதல்ல. 2010 கார்த்திகையில் பெய்த பெருமழையில் பாராளுமன்றச் சுற்றாடலே வெள்ளத்தில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். மழைநீரைத் தாங்கும் சதுப்பு நிலத்தை நிரப்பினால், அந்நீர் தாழ்ந்த நிலத்து ஏழைகளின் வீட்டுக்குள்தான் புகும். கொக்கு இரை தேடும் சேறும் நம் வீட்டைக் காக்கும் சேறும் ஒன்றே. பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலம் 1990இல் சரணாலயமாக்கப்பட்டது. 2018இல் ஈரநில நகரங்களாக உலகில் முதன்முதல் அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. பெயர் கிடைத்துவிட்டது, அதைக் காப்பது நம் பொறுப்பு.

5. வீட்டில் செய்ய வேண்டியவை

ஒன்று: வீட்டுக்கு அருகில் ஓர் இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். கால்வாய்க் கரையோ, கடற்கரையோ, மொட்டைமாடியோ போதும். வாரம் ஒரு காலை, அரை மணித்தியாலம் அங்கே செல்லுங்கள்.

இரண்டு: ஒரு கொப்பியில் திகதி, நேரம், கண்ட பறவை, எத்தனை என்பவற்றை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அலகையும் வரைந்து வையுங்கள். காணாத நாளையும் "காணவில்லை" என்று எழுதுங்கள். எந்த ஆண்டு ஒரு பறவை வராமற் போனது என்பதைப் பின்னர் அந்தக் கொப்பிதான் சொல்லும்.

மூன்று: கூட்டைத் தொடாதீர்கள், கல்லெறியாதீர்கள், கால்வாயில் குப்பை போடாதீர்கள்.

அந்த வீட்டில் கொப்பி தொடங்கிவிட்டார்கள். சித்திரை இரண்டாம் வாரத்துப் பக்கத்தில் இளையவன் எழுதியிருப்பது: "உள்ளான் இல்லை. குயில் மூன்று." ஆவணி வந்ததும் கரைக்குப் போய்ப் பார்ப்பதாக எனக்குச் சொல்லியிருக்கிறான். அன்று நானும் போவேன்.