சோதனைக்கு முன் ஸ்தோத்திரம்

கேள்வி: துன்பம் அடுக்கடுக்காக வரும் காலத்தில், கர்த்தர் ஆசீர்வதிக்கிறார் என்று எங்ஙனம் நம்புவது?

பதில்: முப்பதாண்டுப் போரினால் அகதிகள் வந்து குவிந்த, ஜெர்மானிய தேசத்து ஐலன்பூர்க் நகரில், 1637-ஆம் ஆண்டு கொள்ளைநோய் பரவியபோது, உடன் ஊழியர்கள் மாண்டும் அகன்றும் போக, மார்ட்டின் ரிங்கார்ட் என்னும் போதகர் எஞ்சி நின்று, தம் மனைவி உட்பட ஆயிரக்கணக்கானோரை அடக்கம் செய்தார். அடுத்துப் பஞ்சமும் வந்தது.

தேவாலயங்களில் இன்றும் ஒலிக்கும் நன்றிக் கீதம் ஒன்று அவர் இயற்றியது. பிணங்களின் நடுவே அதை எழுதினாரென்று பிரசங்கிகள் உருக்கமாகச் சொல்வதுண்டு, கதைக்கு அழகுதான்! ஆயினும், நோய்க்குச் சில ஆண்டுகள் முன்னரே, உணவு வேளையில் குடும்பத்தார் சொல்லும் ஸ்தோத்திரமாக அது உருவானதென்றே ஆராய்ந்தோர் பலர் கருதுவர். எனக்கு இதுவே பெரிதாகத் தோன்றுகிறது. சாதாரண நாட்களில் அன்றாட அப்பத்துக்கு நன்றி சொல்லிப் பழகிய நாவுக்கு, சோதனை நாளில் புதியதொரு பாஷையைக் கற்க வேண்டிய அவசியம் நேரவில்லை.

ஆசீர்வாதமென்பது துன்பம் அணுகாதிருத்தல் என்றால், யோபுவுக்கும் பவுலுக்கும் அது வாய்க்கவில்லை; ஆயினும் கர்த்தர் அவர்களைக் கைவிடவில்லை. ஆகையால், விசுவாசம் திடீரெனப் பெருகவில்லையே என்று தங்களை வருத்திக்கொள்ளாமல், இன்றிரவு உணவுக்கு முன் வழக்கமான ஜெபத்தையே சொல்லுங்கள். கண்ணீர் வந்தால் வரட்டும், சங்கீதக்காரரும் முறையிட்டவர்களே.