வாட்டைக் கேட்காதே, மேட்டைக் கேள்

சமூக வானொலி தொடங்க நினைக்கும் தங்கைக்கு,

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் தமிழில் ஒரு சமூக வானொலி வேண்டும் என்பதில் நமக்குள் பேச்சே இல்லை. அந்தக் கோரிக்கையை "100 வாட் போதாது, 1000 வாட் தாருங்கள்" என்று தொடங்குவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு விதிகள் சமூக வானொலிக்கு வைத்த எல்லை 100 வாட் கதிர்வீச்சுத் திறன், 30 மீற்றர் அன்டெனா உயரம். அமெரிக்கா 2000இல் சிறு வானொலிகளுக்கு வைத்ததும் ஏறத்தாழ இதே அளவுதான். வெட்டவெளியிலேயே தூரத்தை இரட்டிக்க வலுவை நான்கு மடங்காக்க வேண்டும். நம்முடையதோ மலைநாடு. பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவதால், குறுக்கே ஒரு முகடு நின்றால் பின்புறப் பள்ளத்து லயன் வீடுகளில் அலையின் வலு நூறில் ஒரு பங்காகிவிடலாம். அதை வாட்டால் ஈடுகட்ட 100ஐ 10,000 ஆக்க வேண்டும். அதே 100 வாட்டை முகட்டின் மேலேயே ஏற்றினால் இரண்டு பக்கமும் கேட்கும். ஆகவே உன் பேரம் உயரத்தைப் பற்றியதாக இருக்கட்டும். இதிலும் ஒரு பொறி உண்டு: அமெரிக்க விதி உயரத்தைச் சுற்றுவட்டார நிலத்தின் சராசரியிலிருந்து அளந்து, 30 மீற்றருக்கு மேலே போகப் போக வாட்டைக் குறைக்கிறது. அதை இங்கே அப்படியே பெயர்த்து வைத்தால் முகட்டில் ஏறியதன் பலனில் பெரும்பங்கு போய்விடும்.

பெரிய நிலையங்களுக்குக் கிலோவாட், நமக்கு மட்டும் எல்லையா என்று கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒரே அலைவரிசையில் இரண்டு பண்பலைகள் மோதினால் வலுத்தது மற்றதை விழுங்கிவிடும். பலாங்கொடையில் நீ வலுவைக் கூட்டினால், அதே அலைவரிசையைத் தெஹியோவிட்டையில் இன்னொரு சிறு நிலையம் பயன்படுத்த வழியில்லாமல் போகலாம். இழப்பவர் கொழும்புக்காரர் அல்ல, உன்னைப் போன்ற இன்னொருவர். அது பக்கத்துச் சிங்களக் கிராமமாகவும் இருக்கலாம். தோட்டங்கள் சிதறிக் கிடக்கும் நம் சப்ரகமுவ மாகாணத்துக்கு ஒரு பெரிய நிலையத்தைவிட நாலைந்து சிறியவையே பொருந்தும்.

மண்சரிவு நேரத்தில் எல்லோருக்கும் எட்ட வேண்டாமா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது; புலத்கொஹுபிட்டியவில் தோட்ட லயன்களும் மண்ணுக்குள் போயின. அத்தகைய இரவில் மின்சாரத்தை நம்ப முடியாது. 100 வாட் இழுக்கும் சிறு ஒலிபரப்பியை 12 வோல்ட், 100 அம்பியர்-மணி பற்றரி ஒன்று கணக்குப்படி ஏறத்தாழ 12 மணி நேரம் தாங்கும். நடைமுறையில் குறையும், இரண்டு பற்றரி வைத்துக்கொள். கிலோவாட் நிலையத்துக்கு டீசல் தேடி ஓட வேண்டும். எந்தத் தோட்டத்தின் எந்த லயன் எந்தப் பாதையால் வெளியேறலாம் என்று தமிழில் சொல்வதும் தொலைவிலுள்ள நிலையத்தின் வேலையாக இருக்காது.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலிகூட இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ்தான் இயங்கியது. சமூகமே சொந்தமாக நடத்தும் வானொலிக்கென்று தனி உரிமம் இல்லாதவரை 50 வாட்டும் 5000 வாட்டும் நமக்கு ஒன்றுதான். எனவே மனுவின் முதல் பந்தியில் அந்த உரிமத்தைக் கேள், இரண்டாவதில் முகட்டில் கோபுரம் நிறுத்தும் அனுமதியைக் கேள். வாட் கணக்கைப் பின்னிணைப்பில் போடு.