வியாபாரியும் மலாய் பாஷையும்



அந்நிய பாஷைகளில் மனதுக்குப் பிரியமானது எது என்று ஒரு நாள் நண்பர்கள் கூடியிருந்த இடத்தில் பேச்சு வந்தது. ஒருவர் அரபு என்றார். மற்றொருவர் ஆங்கிலம் என்றார். சீன பாஷையின் ஓசை தமக்குப் பிடிக்கும் என்றார் வேறொருவர். நான் மலாய் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "தினமும் கடையில் பேசுகிற பாஷைதானே, அதில் என்ன இருக்கிறது?" என்றார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன். நான் படித்தது ஊர் மதரஸாவும் ஐந்தாம் வகுப்பும்தான். ஆகவே இது பண்டிதர் பாடமன்று. கல்லாப்பெட்டி அருகில் நின்று கற்ற பாடம்.

நான் உண்டாக்கிய நஷ்டம்

பத்தொன்பதாம் வயதில் சிம்பாங் ரெங்கத்தில் என் மாமுவின் மளிகைக் கடைக்கு வந்து சேர்ந்தேன். சரக்கு இறக்கும் லாரிக்காரர்களிடமிருந்து பிடித்துக்கொண்ட பாசார் மலாய் மூன்றே மாதத்தில் வாயில் வந்துவிட்டது. 'லூ' என்றால் நீ, 'குவா' என்றால் நான். இவ்விரண்டும் ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்தவை. கூட்டாளிகள் தமக்குள் பேசிக்கொள்ளத் தக்கவை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு காலை, வயதான மலாய் அம்மாள் ஒருவர் கடைக்கு வந்தார். "லூ மாவு அப்பா?" என்று கேட்டேன். என்ன வேண்டும் என்றுதான் கேட்டதாக நினைப்பு. நம் ஊரில் தாய் வயதுள்ளவரை "நீ என்னா வேணும்" என்று கேட்பதற்கு ஒப்பானது அது. அந்த அம்மாள் கோபிக்கவில்லை. கையில் எடுத்திருந்த சீனிப் பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். பல வருஷமாக மாமுவிடம் பற்று வைத்து வாங்கிய வீடு அது. அடுத்த வாரம் முதல் எதிர்க் கடைக்குப் போனார்கள்.

மாமு என்னை அடிக்கவில்லை. "மருமவனே, விலையைக் கூட்டிச் சொன்னாக்கூட நின்னு பேரம் பேசுவாங்க. மரியாதையைக் குறைச்சா நிக்க மாட்டாங்க" என்றார்கள்.

பாஷையைத்தான் மலாய்க்காரர் 'பஹாசா' என்கிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் சமஸ்கிருதத்திலிருந்து வந்த ஒரே சொல். ஆனால் அவர்கள் அதற்கு இன்னொரு பொருளும் வைத்திருக்கிறார்கள். 'பூடி பஹாசா' என்றால் நற்பண்பு, நயமான நடத்தை. பேச்சையும் பண்பையும் ஒரே சொல்லால் குறிக்கும் பாஷை இது. இதை அறியாமல் எண்ணிக்கையும் விலையும் மட்டும் கற்றவன் பாதி பாஷைதான் கற்றிருக்கிறான்.

முதற் பாடம்: அழைக்கும் முறை

மலாயில் பெரியவர்களை நீ என்றோ நீங்கள் என்றோ சுட்டுவதில்லை. உறவுப் பெயரே போதும். தகப்பன் வயதுள்ளவர் பாக் சிக், தாய் வயதுள்ளவர் மாக் சிக், மூத்தவர் அபாங், மூத்த பெண் காக்காக், இளையவர் ஆடிக். ஹஜ்ஜு செய்தவர் துவான் ஹாஜி. அலுவலகத்தில் இருப்பவர் எஞ்சிக், பெண்ணானால் புவான். மாமு, நானா, லாத்தா என்று முன்பின் அறியாதவரையும் உறவாக்கி அழைத்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. ஒரே ஓர் எச்சரிக்கை: நம்மில் பலருக்குக் காக்கா என்றால் அண்ணன், மலாயில் காக்காக் என்றால் அக்காள்!

இரண்டாம் பாடம்: நமக்கு முன்பே தெரிந்த சொற்கள்

புதிதாக வரும் பையன்கள் மலாய் கற்க அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியதில்லை. 'கெடாய்' நம் கடை. 'மோடால்' வியாபாரத்துக்குப் போடும் முதல். 'பெத்தி' பெட்டி, 'காப்பால்' கப்பல், 'காத்தில்' கட்டில், 'கோலாம்' குளம், 'மெம்பெலாம்' மாம்பழம், 'கெல்டாய்' கழுதை. கல்யாண வீட்டில் 'மெம்பெலாய்' என்பது நம் மாப்பிள்ளையேதான். ஆனால் அவர்கள் மணப்பெண்ணையும் அப்படியே சொல்வார்கள். நாம் பாக்கி என்பதும் அவர்கள் 'பாக்கி' என்பதும் அரபியிலிருந்து வந்த ஒரே சொல். கிழமைகளும் அப்படியே. அஹாட், இஸ்னின், செலாசா, ராபு, காமிஸ் என்பவை மதரஸாவில் அரபு எண்களை ஓதியவனுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்துதான்.

இச்சொற்கள் புத்தகம் வழியாக வந்தவை அல்ல. பெரும்பாலும் கப்பலில் சரக்கோடு வந்திறங்கியவை. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த தொமே பிரேஸ் என்ற போர்த்துக்கீசியர், அத்துறைமுகத்தில் 84 பாஷைகள் பேசப்பட்டதாக எழுதி வைத்தார். அத்தனை பேரும் கூடும் சந்தையில் பொதுவாகப் புழங்கியது மலாய்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1796ல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாவை மலாய் இலக்கியத்தார் நவீன எழுத்தின் முன்னோடியாகக் கொண்டாடுகிறார்கள். யெமன் தேசத்து அரபு வழியும் நாகூர்த் தமிழ் வழியும் கலந்த குடும்பம் அவருடையது. சிப்பாய்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததால் முன்ஷி என்ற பட்டம் வந்தது. 1849ல் அச்சான தம் சுயசரிதையில், இளமையில் தாம் தமிழ் கற்றதைச் சொல்கிறார். மலாக்காவில் வசதியுள்ளோர் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது அக்காலத்து வழக்கமாம். காரணம் கணக்கும் வியாபாரமும். நம் வியாபாரிகள் அங்கு அத்தனை பேர் இருந்தார்கள். அன்று நம் பாஷையைக் கற்க அவர்கள் முயன்றார்கள். இன்று அவர்கள் பாஷையைச் செம்மையாகக் கற்பது நம் முறை.

மூன்றாம் பாடம்: இல்லை என்பதில் வகை

இது அல்ல என்பதற்கு 'புக்கான்'. செய்வதில்லை என்பதற்கு 'தீடாக்'. சரக்கு இல்லை என்பதற்கு 'தாக் அடா'. இன்னும் இல்லை என்பதற்கு 'பெலூம்'. தாக் அடா என்று கேட்ட வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். 'பெலூம் சம்பாய்', இன்னும் வந்து சேரவில்லை, என்று கேட்டவர் நாளைக்கு வருவார். ஆனால் சரக்கு உண்மையிலேயே வருவதாக இருந்தால்தான் அப்படிச் சொல்ல வேண்டும்.

நான்காம் பாடம்: எழுத்து

1972ல் மலேசியாவும் இந்தோனேசியாவும் ரூமி எழுத்துக்கூட்டலை ஒன்றாக்கின. அது முதல் ஆங்கிலத்தின் 'சி' என்னும் எழுத்து மலாயில் 'பச்சை' என்பதில் வரும் ச்ச ஒலியைத் தருகிறது. ஆங்கிலப் பழக்கத்தில் அதைக் 'க' என்று வாசித்து நகைப்புக்கு இடமாகக் கூடாது.

ஆனால் எனக்குக் கை கொடுத்தது ஜாவி எழுத்து. அந்த அம்மாள் கடையை விட்டுப் போய் ஐந்தாறு மாதம் கழித்து, எதிர்க் கடை பூட்டியிருந்த ஒரு நாள், அவருடைய கணவர் வந்து ஒரு சீட்டை மேஜை மேல் வைத்தார். ஜொகூரின் பழைய மனிதர்களைப் போல அவர் ஜாவியிலேயே எழுதியிருந்தார். கடையில் இருந்த மற்றவர்களுக்கு அது விளங்கவில்லை. எனக்கு எழுத்துத் தெரிந்தது. எங்கள் மதரஸாவில் பழைய அரபுத் தமிழ்க் கிதாபுகளை ஓதக் காட்டியிருந்தார்கள். அரபியில் இல்லாத ப, ட, ள, ழ போன்ற ஒலிகளுக்கு நம் முன்னோர் அரபு எழுத்துகளிலேயே அடையாளமிட்டுக் கொண்டார்கள். மலாய்க்காரரும் அதையே செய்தார்கள். ஃபாவின் மேல் மூன்று புள்ளி வைத்தால் ப. அய்னின் மேல் மூன்று புள்ளி வைத்தால் ங. காஃபின் மேல் ஒரு புள்ளி வைத்தால் 'கணபதி'யில் வரும் மெல்லிய க. பா, ரா, சீன் என்று கூட்டினேன்; பெராஸ், அரிசி. அடுத்தது கூலா, சீனி.

"பண்டாய் பாச்சா ஜாவி?" ஜாவி வாசிக்கத் தெரியுமா என்று பெரியவர் வியந்தார். அந்த வேளையை விடாமல், முன்பு நான் செய்த பிழையைச் சொல்லி, "மாஆஃப், பாக் சிக்" என்று மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல்லும் அரபு வழிச் சொல்தான்.

ஐந்தாம் பாடம்: நாமும் நாங்களும்

மலாயில் என் மனதை முழுவதும் கவர்ந்தது இதுதான். கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் நாம். அவரை நீக்கிச் சொன்னால் நாங்கள். ஆங்கிலத்தில் இந்த வேற்றுமை இல்லை. அரபியிலும் உருதுவிலும் இல்லை. மலாயில் இருக்கிறது: நாம் 'கீத்தா', நாங்கள் 'காமி'. 'கெடாய் காமி' என்றால் எங்கள் கடை, நீங்கள் வாங்க வந்தவர். 'கெடாய் கீத்தா' என்றால் நம்ம கடை.

பெரியவர் வந்து போன மறு வாரம் அந்த அம்மாள் பேத்தியுடன் வந்தார். "மாக் சிக், சிலாக்கான்" என்று வரவேற்றேன். ஒன்றும் பேசாமல் சாமான்களை எடுத்து வைத்தார். மிட்டாய் ஜாடியைத் தொடத் தயங்கிய பேத்தியிடம், "எடுத்துக்கொள், இது கெடாய் கீத்தா" என்றார். மாமு பழைய பற்று நோட்டில் அந்த வீட்டுப் பக்கத்தைத் திருப்பி, அன்றைய தேதியைப் போட்டார்கள்.

சகோதரர்களே, ஊரிலிருந்து வரும் பையன்களுக்குத் தராசையும் விலையையும் முதல் நாளே காட்டுகிறோம். பாஷையை மட்டும் தெருவில் பொறுக்கிக் கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். முதல் மாதம் கடை அடைத்த பின் தினமும் கால் மணி நேரம் உட்கார வைத்து, அழைக்கும் முறையிலிருந்து தொடங்கி மேற்சொன்ன பாடங்களைச் சொல்லிக் கொடுங்கள். லூ, குவா என்று சொன்னால் அங்கேயே திருத்துங்கள். வீட்டில் பிள்ளைகளோடு தமிழே பேசுங்கள். தன் பாஷையில் நாமும் நாங்களும் வேறு என்று தெரிந்த பிள்ளைக்கே கீத்தாவின் அருமை விளங்கும்.

இப்போது கடை என் பொறுப்பில் இருக்கிறது. மலாயில் இன்றும் பிழையாகப் பேசுகிறேன். வாடிக்கையாளர்கள் சிரித்துத் திருத்துகிறார்கள். மாக் சிக் என்று தொடங்கிவிட்டால், பிறகு வரும் பிழையை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.