ஆறாவது எண்

தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றினும் பெரிய எண் பகா எண் எனப்படும். 17 ஒரு பகா எண். 3, 5 ஆகிய காரணிகளை உடைய 15 ஒரு பகு எண். சிறிய எண்களில் இவ்வேறுபாடு எளிதில் புலப்படும். எண் பெரிதாகும்போது பேரறிஞரும் பிழைபடக்கூடும். 429,49,67,297 என்னும் எண்ணின் வரலாறு அதற்குச் சான்று.

பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில் வாழ்ந்தவர் பியர் தெ ஃபெர்மா. நீதிமன்றப் பணிக்கு இடையே கணிதம் ஆய்ந்த அவர், 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்து, கிடைத்த மதிப்புடன் ஒன்றைக் கூட்டினார். 3, 5, 17, 257, 65537 என்னும் எண்கள் கிடைத்தன. ஐந்தும் பகா எண்களே. இவ்வரிசையின் எண்கள் அனைத்தும் பகா எண்களாகவே இருக்கும் என்று 1640-இல் அவர் கருதினார். எனினும், அதனை மெய்ப்பிக்க இயலவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

வரிசையின் ஆறாவது எண் 2³² + 1. அதுவே மேற்கூறிய பேரெண். 1732-இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பணியாற்றிய லியோனார்டு ஆய்லர், அது 641-ஆல் வகுபடும் என அறிவித்தார். அதாவது, 641 × 6700417 = 4294967297. பகா எண்களை 2 முதல் வரிசையாக எடுத்து வகுத்துப் பார்த்தால், 116-ஆவது முயற்சியில்தான் 641 வரும். ஆனால் இப்பேரெண்ணின் பகாக் காரணி எதுவாயினும், அதனை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என ஆய்லர் நிறுவினார். 641 வரை அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்னும் ஐந்தே. நெறியறிந்து தேடினால் உழைப்பு எவ்வளவு குறைகிறது என்பதை இதனால் உணரலாம்.

நீண்ட வகுத்தல் இன்றியும் இதனை நாம் சரிபார்க்கலாம். 641 = 5⁴ + 2⁴. இருபுறமும் 2²⁸-ஆல் பெருக்கினால், வலப்புறம் 640⁴ + 2³² ஆகும்; ஏனெனில் 640 = 5 × 2⁷. எனவே 640⁴ + 2³² என்பது 641-ஆல் வகுபடும். 640⁴ − 1 என்பதற்கு 640 + 1 ஒரு காரணி. ஆதலால் அதுவும் 641-ஆல் வகுபடும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் எஞ்சுவது 2³² + 1. அதுவும் 641-ஆல் வகுபட்டே ஆகவேண்டும்.

ஐந்து எடுத்துக்காட்டுகள் ஒரு கருத்தில் நம்பிக்கையை ஊட்டலாம். அதனை உண்மையென நிறுவமாட்டா. ஆனால் அதனைப் பொய்யாக்க ஒரே ஒரு மறுப்பு போதும். சொன்னவரின் பெருமை அங்கே துணைநிற்பதில்லை.

65537-க்குப் பின் இவ்வரிசையில் ஆராய்ந்து முடிவு கண்ட எண்கள் அனைத்தும் பகு எண்களே. ஆகவே, இனி இதில் பகா எண்ணே இல்லை என்று கூற மனம் விழையும். அதனையும் இதுவரை எவரும் மெய்ப்பிக்கவில்லை. மெய்ப்பிக்கும் முன் முடிவாகக் கொண்டால், ஃபெர்மாவின் பிழையையே நாமும் செய்தவராவோம்.