ஆறும் தேநீரும் ஆறாத குழம்பும்

பினாங்கு, ஜோர்ஜ்டவுனின் மிகப் பழைய தெருக்களுள் சூலியா தெருவும் ஒன்று. 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் குடியேற்றத்தை நிறுவிய பின், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இப்பகுதியில் குடியேறினர். சூலியா என்பது அவர்களைக் குறித்த பெயரே. இன்று இத்தெருவுக்கு வருவோர் ஒரு குவளை தே தாரிக் அருந்தாமல் திரும்புவது அரிது. அந்தக் குவளையே வெப்ப இயக்கவியலின் அடிப்படைகளை விளக்கப் போதுமானது.

ஆய்வுக்கெனப் பிரித்து எடுத்துக்கொள்ளும் பகுதியைத் தொகுதி என்பர். அதற்கு வெளியே உள்ளவை சூழல். இரண்டையும் பிரிப்பது எல்லை. எல்லையை எங்கே வரைவது என்பதை ஆராய்பவரே முடிவு செய்கிறார். குவளையிலுள்ள தேநீர் ஒரு திறந்த தொகுதி. அதிலிருந்து நீராவியும் வெப்பமும் வெளியேறுகின்றன. குவளையை இறுக மூடினால் வெப்பம் மட்டுமே வெளியேறும். அது மூடிய தொகுதி. வெப்பக்குடுவையில் ஊற்றி மூடினால் இரண்டும் பெரும்பாலும் தடைபடும். அது தனித்த தொகுதிக்கு நெருங்கியது. முற்றிலும் தனித்த தொகுதியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது!

வெப்பநிலை, அழுத்தம், கொள்ளளவு, பொருண்மை ஆகியவை தொகுதியின் நிலையைக் காட்டுகின்றன. நிலைக்குக் கடந்து வந்த பாதை நினைவில் இராது. மேசையில் வைத்து ஆறவிட்ட தேநீரும், உயர்த்தி ஊற்றி ஆற்றிய தேநீரும் ஒரே அளவாய் 50 பாகை செல்சியஸில் இருந்தால், வெப்பநிலைமானிக்கு இரண்டும் ஒன்றே. நுரையை விரும்பும் வாடிக்கையாளருக்கு மட்டும் அவை ஒன்றல்ல.

80 பாகையிலுள்ள 150 கிராம் தேநீர், 30 பாகையுள்ள கடைக்குள் ஆறுவதாகக் கொள்வோம். அது ஏறத்தாழ 31,500 ஜூல் வெப்பத்தை இழக்கும். அவ்வளவும் 100 கன மீட்டர் காற்றுக்கே சென்றாலும், காற்றின் வெப்பநிலை சுமார் கால் பாகைதான் உயரும். தேநீருக்குப் பெரிய மாற்றம். கடைக்கோ அது தெரியவே தெரியாது. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றானதும் நிகர வெப்ப ஓட்டம் நின்றுவிடும். இதுவே வெப்பச் சமநிலை. வெப்பநிலைமானியும் இப்படித்தான் செயல்படுகிறது. அது காட்டுவது தன் வெப்பநிலையை. பானத்துடன் சமநிலையை அடைந்த பிறகே அந்த எண் பானத்துக்கும் பொருந்தும்.

இனி, நாசி கண்டார் கடையின் குழம்புப் பாத்திரத்தைப் பார்ப்போம். சிறு தீயின்மேல் அது பல மணி நேரம் 70 பாகையிலேயே இருக்கிறது. மாற்றம் இல்லாததால் இதுவும் சமநிலைதான் என்று பலர் எண்ணுவர். அது தவறு. தீ கொடுக்கும் வெப்பமும் காற்றுக்குப் போகும் வெப்பமும் சமமாக இருப்பதால்தான் வெப்பநிலை மாறவில்லை. தீயை அணைத்தால் குழம்பு ஆறத் தொடங்கும். உண்மையான சமநிலைக்கு இத்தகைய ஓட்டம் தேவையில்லை. ஓட்டத்தால் காக்கப்படும் இந்நிலையை மாறாநிலை எனலாம்.

இவ்வேறுபாடு தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியதன்று. 5 முதல் 60 பாகை வரையுள்ள வெப்பநிலையில் கிருமிகள் உணவில் விரைவாகப் பெருகும். பினாங்கின் காற்றோடு சமநிலை அடையும் குழம்பு ஏறக்குறைய 30 பாகைக்கு வந்துவிடும். அது அந்த எல்லைக்குள் நன்றாகவே அடங்குகிறது. முற்காலத்தில் நாசி கண்டார் வணிகர்கள் தோளில் தடியைச் சுமந்து, அதன் இருமுனைகளிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டு விற்றனர். கூடவே அடுப்பு எரியாதபோது குழம்பு ஆறுவதைத் தடுக்க வழியில்லை. ஆறுவதற்குள் விற்றாக வேண்டும். இன்றைய கடைக்காரர் எரிவாயுவைச் செலவிட்டு அந்தச் சமநிலையைத் தள்ளிப்போடுகிறார்.

மனித உடலும் இவ்வாறே 37 பாகையைக் காக்கிறது. 1840இல் ஜாவாவுக்குக் கப்பல் மருத்துவராகச் சென்ற ஜெர்மானியர் ராபர்ட் மேயர், அங்கு மாலுமிகளின் சிரை இரத்தம் வழக்கத்தைவிடச் சிவந்திருப்பதைக் கண்டார். வெப்ப நாட்டில் உடல், சூட்டைக் காக்கக் குறைவான உயிர்வளியே செலவிடுகிறது என்று அவர் கருதினார். அந்தச் சிந்தனை அவரை ஆற்றல் அழியாமை விதியை நோக்கிக் கொண்டுசென்றது. 1842இல் தம் முதல் கட்டுரையை வெளியிட்டார்.