விலை உயர்ந்த சென்ட்: செங்கல்பட்டு வெயிலிலும் மாமல்லபுரம் காற்றிலும் சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பத்தாயிரம் ரூபாய் கொடுத்து சென்ட் வாங்குகிறவர், பெரும்பாலும் ஏசி கடையில் முகர்ந்த முதல் அரை நிமிட வாசனையை நம்பித்தான் வாங்குகிறார். அந்த வாசனை மதியம் வரை இருக்காது. மல்லிகைச் சரம் வாங்கும் நமக்கு இது தெரிந்ததுதான். காலை மொட்டில் மணம் அதிகம் இருக்காது. அந்தியில் விரிந்து கமகமக்கும், மறுநாள் வாடும்போது கனத்த வேறொரு வாசம் வரும். சென்டையும் இப்படி நாள் முழுக்க உடம்பில் வைத்துத்தான் அறிய முடியும்.

கடையில் முகருங்கள், வாங்காதீர்கள்

சென்னை மால்களில் டெஸ்ட்டரும் காகிதப் பட்டையும் கேட்டால் தருவார்கள். பட்டையில் அடித்து, ஆல்கஹால் நெடி அடங்கியபின் முகருங்கள். மூன்று நான்குக்கு மேல் போனால் மூக்கு மரத்துவிடும். மூக்கைத் தெளிவாக்கும் என்று காபிக்கொட்டையை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வெறும் காற்றைவிட அது எந்த வகையிலும் மேலானதல்ல. பிடித்ததில் 2 மி.லி. சாம்பிள் கிடைத்தால் காசு கொடுத்தாவது வாங்குங்கள். சுமார் 20 முறை அடிக்கலாம்.

ஓ த துவாலெட் வகையில் வாசனை எண்ணெய் பொதுவாக 5 முதல் 15 சதவீதம், ஓ த பர்ஃபமில் 15 முதல் 20 சதவீதம். எண்ணெய் கூடினால் நமக்கு நல்லது என்று நினைக்க வேண்டாம். நம் வெக்கைக்குப் பல நேரம் முதல் வகையே சரி.

தோலைத் தயார் செய்யுங்கள்

குளித்துவிட்டு, பவுடர், தேங்காய் எண்ணெய், தலைக்குப் பூ எதுவும் இல்லாமல் கிளம்புங்கள். சாம்பிளை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மணிக்கட்டில் ஒரு அடி, முழங்கையின் உள்மடிப்பில் ஒன்று, அவ்வளவுதான். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்க்காதீர்கள். எலுமிச்சை வாடை தூக்கலான சென்டை வெயில் நேராகப் படும் கழுத்தில் அடிக்காதீர்கள். எலுமிச்சை இனப் பழமான பெர்கமாட்டின் எண்ணெயில் உள்ள பெர்காப்டன் வெயில் பட்டால் தோலைக் கருக்கவைக்கும். பெரிய நிறுவனங்கள் அதை நீக்கிய எண்ணெயையே பெரும்பாலும் சேர்க்கின்றன, ஆனாலும் கவனம் நல்லது.

பேருந்தில் ஏறுங்கள்

செங்கல்பட்டில் அடித்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாதாரணப் பேருந்தில் ஏறுங்கள். ஏசி வேண்டாம். முதலில் வருவது எலுமிச்சை, மிளகு போன்ற லேசான வாசனைகள். சீக்கிரம் ஆவியாகும் மூலக்கூறுகள் இவை. சூட்டில் இன்னும் வேகமாகப் பறந்துவிடும். திருக்கழுக்குன்றத்தின் வேதகிரீஸ்வரர் மலை கண்ணில் படுவதற்குள் இவை பெரும்பாலும் போயிருக்கும். கடையில் உங்களை மயக்கியது இந்தப் பகுதிதான்!

அடுத்து நடு வாசனை: மல்லி, ரோஜா, ஏலம். தமிழ்நாட்டு மல்லியிலிருந்தும் பிச்சியிலிருந்தும் எடுக்கும் சாறு பிரான்ஸ் சென்ட்களுக்குப் போகிறது, அதனால் சில சமயம் நமக்குப் பழகிய மணமே திரும்பி வரும். வனிலாவும் இனிப்பும் மிகுந்தவை இந்தக் கட்டத்தில் நம் புழுக்கத்தில் திகட்டும். 1925இல் வந்த கெர்லெய்னின் ஷாலிமார் அருமையான படைப்பு. ஆனால் சித்திரை வெயிலில் ஒரே ஒரு அடி போதும், அதுவும் மாலையில்.

கடற்கரையில் கேளுங்கள், முகராதீர்கள்

மதியவாக்கில் கடல்காற்று ஏறும். கடற்கரைக் கோயில் பக்கம் நின்றால் மணிக்கட்டு வாசனையை மூக்குக்கு வரும் முன்பே காற்று அள்ளிக்கொண்டு போகும். சென்ட் தீர்ந்துவிட்டதென்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் மூக்கும் அதற்குப் பழகியிருக்கும். காற்று படாத சுவரோரம் வந்து, கூட வந்தவரிடம் "இன்னும் வருதா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதே சரியான பதில்.

நான்கைந்து மணி நேரம் கழிந்தால் மிஞ்சுவது அடி வாசனை: சந்தனம், வெட்டிவேர், கஸ்தூரி போன்றவை. விலைக்குத் தகுதியானதா என்பது இங்கேதான் தெரியும். என்னைக் கேட்டால், வியர்வையோடு கலந்தும் புளிக்காமல் நிற்கும் வெட்டிவேர்தான் இந்தக் கடற்கரைக்கு ஏற்றது. திமிங்கல உமிழ்நீர் என்று செய்திகளில் வரும் அம்பர்கிரிஸை யாராவது இங்கே விற்க வந்தால் ஒதுங்கிவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இன்றைய சென்ட்களில் அந்த மணத்தைத் தருவது பெரும்பாலும் ஆலையில் தயாராகும் ஆம்ப்ராக்ஸான்.

துணியில்

பருத்தியில் வாசனை தோலைவிட நீண்ட நேரம் தங்கும். பட்டில் அடிக்காதீர்கள், கறை விழும்.

முடிவெடுப்பது

மழைக்காலத்தில் ஒரு நாளும் இதையே செய்யுங்கள். இரண்டு பருவத்திலும் மாலை வாசனை பிடித்திருந்தால் வாங்குங்கள், முதலில் 30 அல்லது 50 மி.லி. பாட்டிலாக. வெயிலில் நிறுத்தும் காரிலும் குளியலறை அலமாரியிலும் வைக்காதீர்கள். சூடும் வெளிச்சமும் சில மாதங்களிலேயே வாசனையைக் கெடுத்துவிடும். அட்டைப் பெட்டியோடு பீரோவில் வையுங்கள்.